பாணும் பரிஸும்: வாசகர் கேள்வி பதில்

பரிஸில் முதுகலை படித்த இரண்டு வருடத்தில் வகுப்பறையில் படித்ததை விட வெதுப்பகங்களிலும் கபேக்களிலும் படித்ததுதான் கூட என்று போன இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அதற்கு இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. பாதி திட்டு, பாதி கேள்வி. திட்டுகளைக் கட்டி அலுமாரிக்குள் வைத்துவிட்டேன், கேள்விகளுக்குப் பதில் கீழே.

வாற செப்ரெம்பரில் பரிஸுக்குப் படிக்கப் போகிறேன். கட்டாயம் போக வேண்டிய கபே, பேக்கரிகளின் பட்டியல் ஒன்று தருவீர்களா? கையில் காசு குறைவு என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். (ஒரு தங்கச்சி, கொக்குவில்)

பட்டியல் தந்தால் எல்லாரும் சொல்கிற அதே பெயர்கள்தான் வரும் தங்கச்சி. 1686இல் தொடங்கிய புரோகோப் கபே, எழுத்தாளர்கள் சார்த்தரும் சிமோன் து பொவுவாரும் இருந்து எழுதிய கபே து ஃபுளோர், அதற்குப் பக்கத்திலேயே லே தூ மாகோ, 1730இல் இருந்து இனிப்புப் பண்டம் விற்கிற ஸ்தோரே, சூடான சொக்லேற்றுக்குப் பெயர்போன அஞ்சலினா. போங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கனடாவில் இருந்தோ லண்டனில் இருந்தோ யாராவது மாமா வந்து நிற்கிற நேரம் பார்த்துப் போங்கள், பில்லை அவர் பார்த்துக்கொள்ளட்டும்.

நான் சொல்வது வேறு. போய் இறங்கின முதல் கிழமையே, நீங்கள் இருக்கப்போகிற அறையில் இருந்து ஐந்து நிமிட நடைக்குள் ஒரு வெதுப்பகத்தைப் பிடியுங்கள். அது நல்ல கடையா என்று எப்படித் தெரியும்? பெயர்ப்பலகையில் 'பூலோன்ஜெரி' என்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அந்தச் சொல்லை ஆரும் நினைத்தபடி எழுதிவிட முடியாது. மாவைக் குழைப்பதில் இருந்து சுட்டு எடுப்பது வரை விற்கிற இடத்திலேயே செய்கிற கடைக்குத்தான் அந்தப் பெயர் என்று 1998இல் சட்டமே போட்டிருக்கிறார்கள். எங்கேயோ தொழிற்சாலையில் உறையவைத்த மாவை வாங்கி வந்து சூடாக்கி விற்கிறவர் வேறு பெயர்தான் போட வேண்டும்.

உள்ளே போனால் வெறும் 'பகெத்' (தடி மாதிரி நீளமான பாண்) கேட்காதீர்கள், 'ற்றடிசியோன்' கேளுங்கள். அது வேறு சாதிப் பாண். அடிப்படை மா, தண்ணீர், உப்பு, நொதிதான், மேலதிக இரசாயனம் எதுவும் கூடாது, உறையவைக்கவும் கூடாது என்று 1993இல் ஒரு அரசாணை வந்தது. விலை ஒரு ஈரோவுக்குக் கொஞ்சம் மேல் வரும். தனியாள் என்றால் பாதி தரச் சொல்லிக் கேட்கலாம், வெட்டித் தருவார்கள், ஒரு மாதிரியாகப் பார்க்க மாட்டார்கள். எங்கள் ஊரில் அரை றாத்தல் வாங்குகிற மாதிரித்தான்.

இனி முக்கியமான விசயம். அதே கடைக்கு, கிட்டத்தட்ட அதே நேரத்துக்கு, தினமும் போங்கள். எனக்கு முதல் மாதம் வாய் திறக்கவே பயம். விரலைக் காட்டி வாங்கிக்கொண்டு ஓடி வந்துவிடுவேன். அந்தக் கடையில் காசு வாங்குகிற அம்மா ஒரு நாள் நான் விரலை நீட்டின நேரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றா. கோபமில்லை, முகத்தில் சிரிப்பு, ஆனால் பாணை எடுக்கவில்லை. பின்னால் ஆறேழு பேர் வரிசை. எனக்கு வியர்த்துவிட்டது. கடைசியில் "போன்ஜூர்" என்று ஒரு சத்தம் தொண்டைக்குள் இருந்து வந்தது. உடனே "போன்ஜூர் மத்முவசேல்!" என்று அவ சொன்ன விதத்தில் வரிசையில் நின்றவர்களும் சிரித்துவிட்டார்கள். அடுத்த நாள் ஒரு சொல் கூட்டினேன். கார்த்திகை மாதம் வரும்போது "நல்லா முறுகினது ஒன்று" என்பதற்கு 'பியன் குயித்' என்று சொல்லப் பழகி, நத்தார் வரும்போது அந்த அம்மாவின் முழங்கால் வருத்தம் வரைக்கும் எனக்குத் தெரியும். பல்கலைக்கழக மொழி வகுப்பில் அந்த முழங்காலைப் பற்றி ஆரும் சொல்லித்தரவில்லை. அங்கே கடைக்குள் நுழைகிறபோது வணக்கம் சொல்லாவிட்டால் அது பெரிய மரியாதைக்கேடு, எங்களைப் போலத் தலையாட்டிவிட்டுப் போக முடியாது.

சொந்தக் கடை பிடிபட்ட பிறகு ஊர் சுற்றலாம். பரிஸில் இருபது வட்டாரங்கள், நடுவில் ஒன்றாம் வட்டாரத்தில் தொடங்கி நத்தை ஓடு போலச் சுருண்டு வெளியே போகும். நான் சனிக்கிழமைக்கு ஒரு வட்டாரம் என்று வைத்துக்கொண்டேன். மெற்றோவில் போய் இறங்கி, வரிசை நீளமாக நிற்கிற வெதுப்பகத்தில் ஒன்று வாங்கி, பூங்கா வாங்கில் இருந்து சாப்பிட்டுவிட்டு நடந்தே திரும்புவது. அப்படிப் போனதில் ஐந்தாம் வட்டாரத்தில் 1926இல் திறந்த பெரிய பள்ளிவாசலோடு சேர்ந்த தேநீர்க்கடை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. புதினா போட்ட இனிப்புத் தேத்தண்ணி சின்னக் கண்ணாடிக் குவளையில் வரும், சிட்டுக்குருவி மேசைக்கு மேலேயே ஏறி நின்று தூளைக் கொத்தும்.

இருபதாம் வட்டாரத்துக்கு வாற சனிக்கிழமை 'ஓ லெவன் தே பிரெனே' என்ற வெதுப்பகத்தில் கட்டாயம் நில்லுங்கள். 2023இல் பரிஸ் நகரத்தின் மிகச் சிறந்த பகெத் என்று பரிசு வாங்கினது அந்தக் கடைதான், அதைச் சுட்டவர் இலங்கையில் இருந்து போன தமிழர், தர்ஷன் செல்வராஜா. பரிசுக் காசு 4,000 ஈரோ, அதைவிடப் பெரிய விசயம் ஒரு வருடத்துக்கு ஜனாதிபதி மாளிகைக்குப் பாண் கொடுக்கிற உரிமை. அடுத்த வருடம் பரிஸ் ஒலிம்பிக்கில் அவர் சுடரும் ஏந்தினார். நான் வரிசையில் நின்றபோது எனக்கு முன்னால் நின்ற பிரெஞ்சுக் கிழவருக்கு இதை எப்படியாவது சொல்லிவிட வேண்டும் போல இருந்தது. மொழி காணாமல் போச்சு.

இன்னொன்று. ஈரோவை ரூபாவால் பெருக்குகிற பழக்கத்தை விமானத்திலேயே விட்டுவிட்டு இறங்குங்கள். பெருக்கினால் ஒரு கடைக்குள்ளும் கால் வைக்க ஏலாது.

ஒரு கபேயில் ரீ கேட்டேன். ஒரு சின்னப் பானையில் சுடுதண்ணி, பக்கத்தில் ஒரு ரீ பாக்கெற். கிட்டத்தட்ட ஐந்து ஈரோ எடுத்துவிட்டார்கள். தண்ணிப் போத்தலுக்கும் தனிக் காசு. என்னை ஏமாற்றிவிட்டார்களா? (ஒரு மாணவன், இப்போது பரிஸில், ஊர் மானிப்பாய்)

ஏமாற்றவில்லைத் தம்பி, நீங்கள் இருந்த இடத்துக்குக் காசு கொடுத்திருக்கிறீர்கள். எனக்கும் முதல் கிழமை இதேதான் நடந்தது. பாலும் கேட்டேன், குளிர்ந்த பாலைக் கொண்டுவந்து வைத்தார்கள். சிலோன் தேயிலைக்கு இப்படி ஒரு கதி வரும் என்று நினைக்கவில்லை. அங்கே தேத்தண்ணியை மறந்துவிடுங்கள், அதை அறையில் ஊற்றிக் குடிக்கலாம். கபேயில் கோப்பிதான். வெறுமனே 'கபே' என்று கேட்டால் இரண்டு மிடறில் முடிகிற கடும் எஸ்பிரெசோ வரும், 'நுவசெத்' என்றால் அதிலேயே ஒரு சொட்டுப் பால், 'கிறெம்' என்றால் பால் கூட.

ஒரே கோப்பிக்கு ஒரே கடையில் வெவ்வேறு விலை. கோப்பி ஊற்றுகிற மேடையடியில் நின்று குடித்தால் குறைவு, உள்ளே கதிரையில் இருந்தால் கூட, தெருவோரக் கதிரை என்றால் சில கடைகளில் இன்னும் கூட. விலைப்பலகையைப் பார்த்தால் எழுதியிருக்கும். ஆனால் இருந்துவிட்டால் ஒரு கோப்பிக்கு இரண்டு மணித்தியாலம் இருக்கலாம், எழும்பச் சொல்லமாட்டார்கள். நான் ஆய்வுக் கட்டுரையின் பாதியை அப்படித்தான் எழுதினேன். மத்தியானம் முள்ளுக்கரண்டியும் கத்தியும் அடுக்கி வைத்த மேசையில் மட்டும் போய் இருக்க வேண்டாம், அது சாப்பிட வருகிறவர்களுக்கு. தண்ணிக்கு 'கறாஃப் தோ' என்று கேளுங்கள், சாப்பாட்டோடு குழாய்த் தண்ணி சும்மா தருவார்கள். வெறுமனே தண்ணி என்று கேட்டால் போத்தல் வரும், அதற்குக் காசு. பரிமாறுகிறவருக்கான கூலி விலைக்குள்ளேயே அடக்கம், சில்லறை வைப்பதும் வைக்காததும் உங்கள் விருப்பம்.

என்ர மகன் பிரான்சுக்குப் படிக்கப் போய் எட்டு மாதம். அனுப்புகிற படமெல்லாம் கோப்பிக் கோப்பையும் கேக்கும்தான். பிள்ளை படிக்கிறானா, காசைக் கரைக்கிறானா? (ஓர் அம்மா, சுன்னாகம்)

அம்மா, அவன் அவித்த பாஸ்ராவையும் நேற்றைய பருப்பையும் படம் எடுத்து அனுப்பினால் நீங்கள் நித்திரை கொள்ளமாட்டீர்கள். அதனால்தான் கேக்கை அனுப்புகிறான். மாணவர் உணவகத்தில் குறைந்த விலைக்குச் சாப்பாடு கிடைக்கும், மாலையில் கடைகளில் மிஞ்சுகிற பாணையும் பணிஸையும் பொதியாக மலிவு விலைக்கு விற்கிற செயலியும் இருக்கிறது, பொடியன்கள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். படத்தில் எத்தனை கோப்பை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஒன்று என்றால் படிக்கிறான். இரண்டு என்றால் வேறு விசயம், அது இந்தப் பகுதிக்கு வராது.

நாங்கள் சைவம், முட்டையும் இல்லை. மகள் அங்கே பேக்கரியில் எதை வாங்கலாம்? (இணுவில்)

பாண் பயமில்லாமல் வாங்கலாம், மேலே சொன்ன ற்றடிசியோன் பாணில் முட்டையோ பாலோ கொழுப்போ இல்லை. பிறை மாதிரி வளைந்த குறுவாசோன் முழுக்க வெண்ணெய், மேலே மினுங்குவது பெரும்பாலும் முட்டை பூசினது. பிரியோஷ் என்கிற மெத்தென்ற இனிப்புப் பாணுக்கு மாவுக்குள்ளேயே முட்டை. பிள்ளை கவனிக்க வேண்டியது பளபளவென்று கண்ணாடி மாதிரி மேற்பூச்சு உள்ள கேக்குகளும் மூஸ் வகைகளும்தான். அதில் ஜெலற்றின் இருக்கும், பன்றியில் இருந்து எடுத்ததாகவும் இருக்கலாம். 'கீஷ் லொறேன்' என்பது பார்க்க முட்டைப் பணியாரம் மாதிரி, உள்ளே பன்றி இறைச்சித் துண்டு. எல்லாம் அலுத்துப்போனால் லாச்சப்பல் இருக்கவே இருக்கிறது. மெற்றோவில் லா சப்பல் நிலையத்தில் இறங்கி ஃபோபூர் சேன் தெனி தெருவில் நடந்தால் வாழைக்காய் முதல் வெற்றிலை வரை தமிழிலேயே பேரம் பேசி வாங்கலாம், பிள்ளையார் கோயிலும் அங்கேதான். கிழமைக்கு ஒருக்கால் போதும். கிழமை முழுக்க அங்கேயே நின்றால் பிள்ளை பிரெஞ்சு பழகமாட்டாள்.

பாண் என்பது பிரெஞ்சுச் சொல் என்று என் நண்பர் அடித்துச் சொல்கிறார். உண்மையா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், வட்டுக்கோட்டை)

மாஸ்ரர், நண்பர் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார். பாண் போர்த்துக்கீசச் சொல். யாழ்ப்பாண இராச்சியம் 1619இல் அவர்கள் கைக்குப் போனது, 1658இல் ஒல்லாந்தர் வரும்வரை இருந்தார்கள். போகும்போது கோட்டையை விட்டுப் போனார்களோ இல்லையோ, வீட்டுக்குள் இருக்கிற பாதிச் சாமானுக்குப் பெயர் வைத்துவிட்டுப் போனார்கள். பாண், அதைச் சுடுகிற போறணை, இருக்கிற கதிரை, வாங்கு, அலுமாரி, சப்பாத்து, எல்லாம் அவர்களுடையது.

ஆனால் நண்பரை முழுக்கப் பிழை சொல்லவும் முடியாது. போர்த்துக்கீசத்துக்கும் பிரெஞ்சுக்கும் தாய் இலத்தீன். அங்கே 'பானிஸ்' என்று இருந்தது இங்கே பாண் ஆகியது, பிரெஞ்சில் மூக்கால் இழுத்துச் சொல்கிற 'பேங்' ஆகியது. போறணை அங்கே 'ஃபூர்'. வாங்குக்கு 'பாங்', அலுமாரிக்கு 'ஆர்முவார்'. வகுப்பில் எனக்குப் பக்கத்தில் இருந்த சென்னைப் பிள்ளை ரொட்டி, பீரோ, நாற்காலி என்று வளர்ந்தவள், இதையெல்லாம் பாடமாக்கினாள். எனக்கு அம்மம்மாவின் வீட்டுக்குள் நடந்து திரிகிற மாதிரி இருந்தது. பணிஸ் மட்டும் இதில் சேராது, அது இங்கிலீசுக்காரனுடைய 'பன்ஸ்'. ஒன்றைக் கேட்டாலும் பன்மைதான்.

நான் பிரான்சில் பாண் வேலை பழகினவன். திரும்பி வந்து பருத்தித்துறையில் குறுவாசோனும் பகெத்தும் போடுகிற கபே திறக்க யோசிக்கிறேன். ஓடுமா? (பருத்தித்துறை)

நல்லூர்ப் பக்கமும் கம்பஸைச் சுற்றியும் புதுக் கபேக்கள் வந்திருக்கின்றன, இளம் ஆட்கள் போகிறார்கள். அதனால் ஆள் வராது என்று சொல்லமாட்டேன். உங்களுக்கு எதிரி வெயில்தான். குறுவாசோன் என்பது மாவும் வெண்ணெயும் தாள் தாளாக மாறி மாறி இருக்கிற வித்தை. மாவுக்குள் வெண்ணெயை வைத்து மூன்றாக மடித்து உருட்டி, ஆறவிட்டு, திரும்ப மடித்து, இப்படி மூன்று தரம். வெண்ணெய் மாவோடு கலந்துவிடக் கூடாது, உடைந்துபோகவும் கூடாது. எங்கள் ஊர்ச் சித்திரை வெயிலில் மேசையில் வைத்த கையோடு அது உருகி மாவுக்குள் ஊறிவிடும், பிறகு போறணையில் இருந்து வருவது குறுவாசோன் இல்லை, வளைந்த பணிஸ். ஆகவே மா உருட்டுகிற அறை ஒன்றுக்காவது குளிரூட்டி வேண்டும், மின்சாரம் போனால் அதற்கும் வழி வேண்டும். கடைக்கணக்கை அந்த அறையில் இருந்து தொடங்குங்கள், முன்பக்கத்து அழகு விளக்கில் இருந்து தொடங்காதீர்கள்.

பகெத்துக்கு வேறு தொல்லை. அந்த மொறுமொறுப்பு, சுடத் தொடங்குகிற நேரம் போறணைக்குள் நீராவி விடுவதால் வருவது. உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் பருத்தித்துறைக் கடற்காற்றில் இரண்டு மணித்தியாலத்தில் அது தோல் மாதிரி இழுபடும். காலையில் ஒருக்கால், பின்னேரம் ஒருக்கால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுடுங்கள். எங்கள் சனம் பின்னேரம் நாலு மணிக்குச் சூட்டோடு பாண் வாங்கிப் பழகினதுதானே. சைக்கிளில் வரும்போதே பேப்பர்ச் சுற்றுக்குள் விரலை விட்டு றோஸ் பாணின் மூலையைப் பிய்த்துத் தின்னாத பிள்ளை எங்கே இருக்கிறது? பரிஸிலும் அதுதான். கடையை விட்டு இறங்கி பத்து அடி போகுமுன் பகெத்தின் நுனி காணாமல் போயிருக்கும், கோட்டுப் போட்ட பெரிய மனிசரும் தின்றுகொண்டுதான் போவார். பகெத்துக்குள் சீனிச்சம்பல் வைத்து ஒரு நாள் விற்றுப் பாருங்கள். நான் பரிஸ் அறையில் அதைத்தான் சாப்பிட்டேன், கூட இருந்த பிரெஞ்சுப் பெட்டை மூன்று துண்டு வாங்கித் தின்றாள்.

படிக்கிற காலத்தில் பேக்கரியில் பகுதிநேர வேலை செய்யலாமா? (கோண்டாவில்)

மாணவர் விசாவில் வருடத்துக்கு 964 மணித்தியாலம் வரை சட்டப்படி வேலை செய்யலாம். சுடுகிற வேலை இரவு இரண்டு மூன்று மணிக்குத் தொடங்கும், எட்டு மணி வகுப்பில் தலை மேசையில் கிடக்கும். விற்கிற பக்கம் கிடைத்தால் எடுங்கள், காசோடு மொழியும் வரும். கணக்கில் காட்டாமல் கையில் காசு தருகிறேன் என்கிறவரிடம், அவர் எங்கள் ஊர்க்காரராக இருந்தாலும், போக வேண்டாம்.

தை மாதம் வகுப்பில் எல்லாருக்கும் ஒரு வட்டமான கேக் வெட்டித் தந்தார்கள். என் துண்டுக்குள் சின்னப் பீங்கான் பொம்மை ஒன்று, கடித்துப் பல்லே கூசிப்போச்சு. எல்லாரும் கைதட்டிச் சிரிக்கிறார்கள், ஒருத்தரும் மன்னிப்புக் கேட்கவில்லை. கடையில் முறையிடலாமா? (அதே மானிப்பாய்த் தம்பி, இரண்டாவது கடிதம்)

முறையிடாதீர்கள், உங்களையும் சிரிப்பார்கள். அதன் பெயர் 'கலெத் தே றுவா', அரசர்களின் கேக். மூன்று ஞானிகள் பாலன் இயேசுவைப் பார்க்க வந்த ஜனவரி 6ஆம் திகதித் திருநாளுக்குச் செய்வது, எங்கள் பொங்கலுக்கு ஒரு கிழமைக்கு முன்னம். உள்ளே பாதாம் களி, அதற்குள் ஒரு பொம்மையை ஒளித்து வைப்பார்கள். முந்தி அது ஓர் அவரை விதை, இப்போது பீங்கான். வீடுகளில் என்றால் எல்லாருக்கும் இளைய பிள்ளை மேசைக்குக் கீழே புகுந்து இருந்துகொண்டு எந்தத் துண்டு ஆருக்கு என்று சொல்லும், அப்பத்தான் களவு நடக்காது. பொம்மை கிடைத்தவர்தான் அன்றைக்கு அரசன், கடதாசி முடியும் வைப்பார்கள். உங்களுக்கு வைக்கவில்லையா? கேட்டு வாங்குங்கள்.

பல் உடையவில்லைத்தானே? சரி, அப்ப இன்னொரு விசயமும் சொல்லிவிடுகிறேன். அடுத்த கேக்கை வாங்கிக் கொடுக்க வேண்டியது அரசன்தான்.